காற்று அடித்தால் அணை நிரம்புமா?

ஆனி, ஆடி மாதங்களில் ஒரு தடவை கூடலூருக்கு வந்து பாருங்கள்.

காற்று என்றால் அப்படி ஒரு காற்று! கொடியில் துணி நிற்காது. தகரக் கூரைகள் தடதடவென்று அடித்துக்கொள்ளும். வாழை வைத்தவர்கள் மரத்துக்கு மரம் முட்டுக் கொடுத்துவிட்டு, இரவெல்லாம் தூங்காமல் கிடப்பார்கள்.

அதே மாதங்களில் மேலே மலையில் பெரியாறு அணையின் நீர்மட்டம் ஏறும். இன்றைக்கு எத்தனை அடி என்று தினமும் பத்திரிகையில் போடுவார்கள். டீக்கடையில் அதைத்தான் முதலில் படிப்பார்கள்.

காற்று வலுத்தால் நீர்மட்டம் ஏறுகிறது. காற்று ஓய்ந்தால் நீர்மட்டம் ஏறுவதும் நின்றுவிடுகிறது.

அப்படியானால், காற்றுதான் அணையை நிரப்புகிறதா?

கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். காற்று அணையை நிரப்பவில்லை. தென்மேற்குப் பருவமழைதான் நிரப்புகிறது. அந்தப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கத்துக்குப் பெரும்பாலும் காற்றை மட்டும் அனுப்புகிறது. அங்கே தண்ணீர், இங்கே காற்று. இரண்டையும் பெற்ற தாய் ஒருத்திதான்.

இது கம்பம் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் மனிதர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும், காற்றுதான் அணையை நிரப்புகிறது என்பது போலவே நாம் தினமும் பேசிக்கொண்டிருக்கிறோம். அதனால் சில குழந்தைகளின் வாழ்க்கையே கெட்டுப்போகிறது.

ஒரு கூட்டத்தில் நடந்தது

ஒரு பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். ஜூன் மாதம். நானும் போயிருந்தேன்.

ஓர் அம்மாள் வந்தார். விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, குமுளி தாண்டி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். அன்றைக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனாலும் தப்புத் தப்பாக எழுதினார்.

"ஏம்மா, எத்தனை தடவை சொல்றது? இந்தக் கட்டத்துல ஆதார் நம்பர். அந்தக் கட்டத்துல பேங்கு நம்பர். மாத்தி மாத்தி எழுதுறீங்களே!" என்றார் வாத்தியார்.

"கோவிச்சுக்காதீங்க சார். மனசு ஒரு நெலையில இல்ல" என்றார் அந்த அம்மாள்.

அவர் போன பிறகு வாத்தியார் என்னிடம் சொன்னார்: "பார்த்தீங்களா? அம்மாவே இப்படி. பையன் எப்படி இருப்பான்? வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மண்டையில ஏறாது சார். முப்பது வருஷ சர்வீஸ்ல நான் கண்ணால பார்த்தது."

அவர் கெட்டவர் இல்லை. சொந்தக் காசில் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுக்கிறவர். அவர் சொன்னது பொய்யும் இல்லை. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளில் பலர் குறைந்த மார்க்கு வாங்குவதை அவர் உண்மையாகவே பார்த்திருக்கிறார்.

அவர் பார்த்தது சரி. அதிலிருந்து முடிவு கட்டியதுதான் தவறு.

சேர்ந்து போகிறவை

இரண்டு விஷயங்கள் சேர்ந்து கூடி, சேர்ந்து குறைந்தால் அதற்குக் கணக்கில் ஒரு பெயர் உண்டு. ஒட்டுறவு என்பார்கள். ஒன்று கூடும்போது மற்றது குறைந்தாலும் அதுவும் ஒட்டுறவுதான். அது எதிர்மறை ஒட்டுறவு.

மார்க்கெட்டுக்குப் பன்னீர் திராட்சை வரத்து கூடினால் விலை இறங்குகிறது அல்லவா? அது எதிர்மறை. காற்றும் நீர்மட்டமும் சேர்ந்து ஏறுகின்றனவே, அது நேர்.

இந்த ஒட்டுறவை ஓர் எண்ணாகச் சொல்லலாம் என்று காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் கால்டன். ஆண்டு 1888. அவருக்குப் பின் கார்ல் பியர்சன் என்ற கணித அறிஞர் அதற்கு ஒழுங்கான கணக்கு வகுத்துக் கொடுத்தார். அந்த எண் ஒன்றுக்கு மேல் போகாது. கழித்தல் ஒன்றுக்குக் கீழே இறங்காது. பூஜ்யம் என்றால் இரண்டுக்கும் நேரான ஒட்டு எதுவும் இல்லை என்று பொருள். ஒன்றுக்கு அருகே வந்தால் இரண்டும் இணைபிரியாமல் போகின்றன என்று பொருள்.

மனோதத்துவ ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இந்த எண் கையில் இருக்கும் அரிவாள் மாதிரி. அதில்லாமல் அவர்களுக்கு வேலை ஓடாது. தூக்கத்துக்கும் ஞாபகசக்திக்கும் ஒட்டுறவு உண்டா? அம்மாவின் படிப்புக்கும் பிள்ளையின் பேச்சுக்கும் உண்டா? எதை எடுத்தாலும் முதலில் இதைத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் இந்த எண்ணுக்குப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. இரண்டு மாடும் சேர்ந்து போகின்றன என்பதை அது சொல்லும். எந்த மாடு இழுக்கிறது என்பதைச் சொல்லாது. மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வண்டிக்காரனையும் காட்டாது.

வேடிக்கையாக ஒன்று சொல்கிறேன். ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போங்கள். எல்லாப் பிள்ளைகளின் பாதத்தையும் அளந்துகொள்ளுங்கள். பிறகு எல்லாரையும் ஒரே பாடத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பாதம் பெரிதாக இருக்கிற பிள்ளைகள்தான் நன்றாக வாசிப்பார்கள்! அதற்காகப் பிள்ளையின் காலை இழுத்து நீட்டினால் படிப்பு வருமா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாதமும் பெரிது, படிப்பும் அதிகம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டும் குறைவு. வண்டிக்காரன் இங்கே வயது.

இன்னொரு வகையும் உண்டு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்களே, அது. அங்கே மாடும் இல்லை, வண்டிக்காரனும் இல்லை. வெறும் தற்செயல். நாலைந்து பேரை மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் விழுவார்கள்.

ஒட்டுறவு என்றாலே பொய் என்று நினைத்துவிடவும் கூடாது. திராட்சை வரத்து கூடியதால்தான் விலை இறங்குகிறது. அங்கே காரணம் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் காரணம் இருக்கிறது என்பதை வியாபாரம் தெரிந்ததால் சொல்கிறோம். எண்ணைப் பார்த்து அல்ல.

கருவியைக் கண்டவரே தவறினார்

ஒட்டுறவைக் கண்டு சொன்ன கால்டனே இந்தக் குழியில் விழுந்தவர் என்றால் நம்புவீர்களா?

அவர் 1869-ஆம் ஆண்டில் ஒரு புத்தகம் எழுதினார். பெரிய மனிதர்களின் வீட்டில்தான் பெரிய மனிதர்கள் அதிகமாகப் பிறக்கிறார்கள் என்று குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்துக் காட்டினார். ஆகவே திறமை ரத்தத்தில் வருகிறது என்றார்.

நீதிபதி வீட்டில் புத்தகம் இருக்கும். ஆசிரியர் வைத்துச் சொல்லிக்கொடுக்கப் பணம் இருக்கும். வேலைக்குச் சிபாரிசு இருக்கும். அப்பா பெரிய மனிதராக இருப்பதும், மகன் பெரிய மனிதராக வருவதும் சேர்ந்து போகத்தான் செய்யும். ரத்தம் எவ்வளவு, பணம் எவ்வளவு என்று அந்தக் கணக்கில் எப்படிப் பிரிப்பது? கால்டன் பணத்துக்கு உரிய இடத்தைக் கொடுக்கவே இல்லை. நல்ல ரத்தத்தை மட்டும் பெருக்க வேண்டும் என்று ஒரு கொள்கையும் வகுத்து, 1883-இல் அதற்கு ஒரு பெயரும் வைத்தார்.

அது புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. 1907-இல் அமெரிக்காவில் இண்டியானா மாநிலம், தகுதியற்றவர்கள் என்று கருதப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் போட்டது. மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. 1933-இல் ஹிட்லரின் ஜெர்மனியும் அப்படி ஒரு சட்டம் போட்டது. அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும்.

நம் வாத்தியார் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். சின்ன வார்த்தைதான். ஆனால் அது எங்கே கொண்டுபோய்விடும் என்பதை உலகம் ஒரு தடவை பார்த்துவிட்டது.

கரும்புக் கொல்லையில் ஒரு பரீட்சை

ஏழ்மையும் மந்தமும் சேர்ந்து போவது போலத் தெரிகிறது. மந்தமாக இருப்பதால் ஏழையானாரா? ஏழையாக இருப்பதால் மந்தமாகத் தெரிகிறாரா? அல்லது, படிக்காத பெற்றோர், பசி, நோய் என்று மூன்றாவது ஏதாவது இரண்டையும் இழுக்கிறதா?

ஒரு ஏழையையும் ஒரு பணக்காரரையும் பக்கத்தில் நிறுத்தினால் இதற்கு விடை கிடைக்காது. இருவருக்கும் ஆயிரம் வித்தியாசம் இருக்கும்.

அப்படியானால் என்ன செய்வது? ஒரே மனிதரை ஏழையாகவும் பார்க்க வேண்டும். கையில் காசுள்ளவராகவும் பார்க்க வேண்டும். அப்படி ஓர் ஆள் கிடைப்பாரா?

கிடைத்தார். நம் தமிழ்நாட்டிலேயே கிடைத்தார். கரும்பு விவசாயி!

கரும்பு போடுகிறவருக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பெரிய வரவு. வெட்டி ஆலைக்கு அனுப்பிய பிறகு கையில் காசு புழங்கும். வெட்டுவதற்கு முந்தைய மாதங்களில் காசு வற்றிவிடும். ஆள் ஒன்று, படிப்பு ஒன்று, ரத்தம் ஒன்று. பை மட்டும் வேறு.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷபீர், ஜியாயிங் ஜாவோ என்ற நான்கு ஆராய்ச்சியாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். முல்லைநாதன் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா போனவர். விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தில் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அறுவடைக்கு முன் ஒரு தடவையும், பின் ஒரு தடவையும் அதே ஆளுக்கு இரண்டு விதமான பரீட்சை வைத்தார்கள். முடிவு 2013-இல் வெளியானது.

பரீட்சை என்றதும் பள்ளிக்கூடப் பாடம் என்று நினைக்க வேண்டாம். ஒன்று, படம் பார்த்துச் சொல்வது. இங்கிலாந்தில் ரேவன் என்பவர் 1938-இல் வெளியிட்ட முறை அது. கோலத்தில் ஒரு மூலை மட்டும் விட்டுப்போயிருந்தால், மற்ற பகுதியைப் பார்த்து அந்த மூலையில் என்ன வரும் என்று சொல்ல வேண்டும் அல்லவா? அந்த மாதிரி. எழுத்தே தேவையில்லை. இரண்டாவது, கவனத்தை அடக்கி ஆள்வது. 5 5 5 என்று எழுதிக் காட்டுவார்கள். எத்தனை எண் இருக்கிறது என்று சட்டென்று சொல்ல வேண்டும். விடை மூன்று. ஆனால் வாய் ஐந்து என்றுதான் சொல்லப் பார்க்கும். நீங்களே வீட்டில் செய்து பாருங்கள், தெரியும்.

என்ன நடந்தது?

அறுவடைக்கு முன் படப் பரீட்சையில் சராசரியாக 4.35 சரியான விடை. அறுவடைக்குப் பின் 5.45. எண் பரீட்சையை முடிக்க, முன்பு சராசரி 146 விநாடி ஆயிற்று. பின்பு 131 விநாடிதான் ஆயிற்று.

அதே ஆள். அதே மண்டை. சில மாதங்களில் கூர்மை கூடிவிட்டது!

இடையில் என்ன மாறியது என்பதையும் குறித்துவைத்திருக்கிறார்கள். அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் பொருளை அடகு வைத்திருந்தார்கள். பின்னால் அது நூற்றுக்கு 4 பேர்தான். கடன் இருந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 99 பேர். பின்பு 13 பேர்.

இங்கே கெட்டிக்காரரான வாசகர் ஒருவர் குறுக்கே கேட்பார்: "இரண்டாவது தடவை எழுதினால் பழக்கத்தால் நன்றாக எழுத மாட்டானா?" நல்ல கேள்விதான். அதற்காகவே ஒரு பகுதி விவசாயிகளுக்கு முன் பரீட்சை வைக்காமல் ஒதுக்கிவைத்து, அறுவடைக்குப் பிறகு முதல் தடவையாக எழுத வைத்தார்கள். அவர்களும் நன்றாகவே எழுதினார்கள்.

"பொங்கல் சமயமாக இருந்திருக்கும், சந்தோஷத்தில் எழுதியிருப்பார்கள்" என்று இன்னொருவர் சொல்லலாம். அதற்கும் வழியில்லை. ஆலையால் எல்லாக் கரும்பையும் ஒரே வாரத்தில் அரைக்க முடியாது. ஆளுக்கு ஒரு தேதியில் வெட்டு உத்தரவு கிடைக்கும். மாதக்கணக்கில் நீளும். ஒரே நாளில் ஒருவர் வெட்டி முடித்திருப்பார், பக்கத்துக் கொல்லைக்காரர் வெட்டாமல் காத்திருப்பார். ஆகவே பண்டிகையின் மேல் பழி போட முடியாது.

ஒரு மனிதருக்கு ஒரே சமயத்தில் இவ்வளவுதான் யோசிக்க முடியும் என்று ஓர் அளவு இருக்கிறது. வட்டி, கெடு, அடகுச் சீட்டு என்று பாதி மனம் அங்கே ஓடிக்கொண்டிருந்தால், கையில் இருக்கிற படிவத்துக்கு மீதிப் பாதிதான் கிடைக்கும். ஆராய்ச்சியாளர்கள் சொல்வது இதைத்தான். "மனசு ஒரு நெலையில இல்ல" என்று அந்த அம்மாள் ஒரே வரியில் சொன்னதும் இதைத்தான்.

மறுப்பும் உண்டு

ஒரு ஆராய்ச்சி வந்துவிட்டால் அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொள்வதும் தப்பு. காக்கையும் பனம்பழமும் ஆராய்ச்சிக்காரர்களையும் விடாது.

அதே நால்வர் அமெரிக்காவில் ஒரு வணிக வளாகத்திலும் சோதனை செய்தார்கள். பெரிய செலவு ஒன்று வந்துவிட்டதாக நினைத்துப் பார்க்கச் சொன்னதும், வசதி குறைந்தவர்களின் மதிப்பெண் இறங்கியது என்றார்கள். அந்தக் கணக்கு போட்ட விதம் சரியில்லை என்று வேறு அறிஞர்கள் அந்த ஆண்டே எழுதினார்கள். 2016-இல் வெளியான மற்றொரு ஆராய்ச்சியில், அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஆட்களைச் சோதித்தார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

மாதச் சம்பளக்காரரின் கடைசி வாரமும், கரும்பு விவசாயியின் கடைசி மூன்று மாதமும் ஒன்றா என்பது என் கேள்வி. ஆனால் அது என் கருத்துதான். நிரூபணம் அல்ல.

இன்னும் கெட்டியான சாட்சி ஒடிசாவிலிருந்து வந்திருக்கிறது. அங்கே வேலை குறைவான மாதங்களில், சாப்பாட்டு இலைகளைத் தைத்துத் தட்டு செய்யும் தொழிலாளர்களுக்குக் கூலியில் ஒரு பங்கை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்தார்கள். கூலி எல்லாருக்கும் ஒரே விகிதம்தான். காசு கைக்கு வந்த தேதி மட்டும் வேறு. முன்னால் வாங்கியவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு அதிகமாகத் தட்டுச் செய்தார்கள். வேலையில் கவனப் பிசகும் குறைந்தது.

குலுக்கலை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், ஒட்டுறவின் முடிச்சை அவிழ்க்க அதைவிட நல்ல வழி கிடையாது. சீட்டுக்குச் சாதி தெரியாது. பணம் தெரியாது. படிப்பு தெரியாது. சீட்டுப் போட்டுப் பிரித்தால் இரண்டு கூட்டமும் மற்ற எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோல அமைந்துவிடும். அப்புறம் வித்தியாசம் தெரிந்தால், நாம் மாற்றிய அந்த ஒன்றுதான் காரணம்.

சோறு போட்டவர் கேட்ட கேள்வி

காமராஜரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையனிடம் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டாராம். போனால் சோறு யார் போடுவார்கள் என்று பையன் திருப்பிக் கேட்டானாம். கதை அப்படியே நடந்ததோ இல்லையோ, 1950-களில் அவர் முதலமைச்சராக இருந்தபோது மதிய உணவு வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். 2022-இல் காலைச் சிற்றுண்டித் திட்டம் மதுரையில் தொடங்கியது.

ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது என்று அவர்கள் நினைத்திருந்தால் சோறு போட்டிருக்க மாட்டார்கள். இழுக்கிற மாடு பசியாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள்.

இதிலும் நான் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நானே என் பேச்சை மீறியவன் ஆவேன். காமராஜர் காலத்தில் பள்ளிக்குப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதே காலத்தில் புதுப் பள்ளிகளும் ஊர் ஊராகத் திறக்கப்பட்டன. ஆகவே எல்லாப் புகழையும் சோற்றுக்கு மட்டும் கொடுத்துவிட முடியாது. எது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம்.

ஜூன் மாதம் வேண்டாம்

அந்த அம்மாளை மறுவாரம் ஜீப் நிற்கும் இடத்தில் பார்த்தேன். அவரே சொன்னார். கூட்டத்துக்கு முதல் நாள்தான் காதுத் தோட்டை அடகு வைத்திருக்கிறார். மகனுக்கு நோட்டு, பை, செருப்பு. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம்.

"வட்டி எவ்வளவுன்னு மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சுண்ணே. சார் சொன்னது காதுலயே விழல" என்றார்.

கூடலூரில் ஜூன் மாதம் எப்படிப்பட்ட மாதம் என்று யோசித்துப் பாருங்கள். அணையில் தண்ணீர் இருந்தால் முதல் போகத்துக்குத் திறந்துவிடுவார்கள். நாற்றுக்கும் உழவுக்கும் உரத்துக்கும் பணம் வேண்டும். மலையில் மழை பிடித்துக்கொள்ளும். ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு இன்னும் தொடங்கியிருக்காது. வேலை ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. அதே மாதத்தில் பள்ளிக்கூடமும் திறக்கிறது. நகைக் கடன் வாங்கக் கூட்டுறவு வங்கியில் ஜனங்கள் வரிசையில் நிற்கிற மாதம் அது.

அந்த மாதத்தில்தான் எல்லாப் படிவத்தையும் நீட்டுகிறோம். உதவித்தொகைக்கு ஒன்று. வங்கிக் கணக்குக்கு ஒன்று. பயிர்க் காப்பீட்டைப் பற்றி ஒரு கூட்டம். பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றி ஒரு கூட்டம். வருஷத்திலேயே மனம் மிகவும் நெருக்கடியாக இருக்கிற நேரத்தில் கொண்டுபோய்க் கேள்வி கேட்கிறோம். தப்பாகப் பதில் சொன்னால், "அவர்களுக்கு அவ்வளவுதான்" என்கிறோம்.

கால்டனிடம் சொல்ல முடியாது. நம் வாத்தியாரிடம் சொல்லலாம் என்று போனேன். கரும்பு விவசாயிகளின் கதையைச் சொன்னேன். காற்று, அணைக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்படின்னா எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி கெட்டிக்காரன்கிறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை சார். அப்படிச் சொன்னால் அதுவும் ஆதாரம் இல்லாத பேச்சுதான். பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு பிள்ளையின் வீட்டில் காசில்லை என்பதைப் பார்த்து அவன் மண்டையை அளக்க முடியாது என்கிறேன்" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்.

"ஒண்ணு கவனிச்சிருக்கேன் சார். இந்தப் பையன் தை மாசத்துல நல்லாத்தான் கணக்குப் போடுறான். ஜூன்ல மறந்துடுறான். லீவுல மறந்துட்டான்னு நினைச்சேன்."

லீவிலும் மறந்திருக்கலாம். அதையும் ஒதுக்கிவிட முடியாது. ஒரு பையனை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று நானே அவரிடம் சொன்னேன். வகுப்பில் உள்ள எல்லாரின் மார்க்கையும் மாதவாரியாக எழுதிவைத்தால், ஏதாவது தெரியலாம். வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

படிவம் வேலையை மட்டும், காய் எடுப்புத் தொடங்கி, முதல் போக நெல்லும் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அரசாங்கம் கொடுத்த கடைசித் தேதி உள்ள படிவங்களுக்கு அது முடியாது என்றார். நியாயம்தான். அந்தத் தேதிகளை மாற்ற வேண்டியவர்கள் சென்னையில் இருக்கிறார்கள்.

முடிந்ததை அவர் செய்யப்போகிறார். இந்த ஆண்டு பெற்றோர் கூட்டத்தில் இரண்டு பெரிய வகுப்புப் பிள்ளைகள் மேசை போட்டு உட்கார்ந்து, படிவம் நிரப்ப உதவி செய்வார்கள். தப்பாக எழுதினால் புதுப் படிவம் கொடுப்பார்கள். யாரையும் மூன்று தடவை சொல்ல வைத்து, எல்லார் முன்னாலும் நிறுத்திவைப்பது இல்லை.